வெள்ளைக் காரின் இடது முன்சக்கரம் குறித்து

எனக்கு வயது நாற்பத்தாறு. தொழில், கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்ப்பது. பெயரும் கதவிலக்கமும் இந்தத் தாளின் மேற்பகுதியில் பதியப்பட்டுள்ளன. அளவு பிசகாதவன் என்று, வேலை பார்க்கும் இடத்தில் என்னை எல்லோரும் கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள அந்தப் பட்டறை என் உடன்பிறந்த அண்ணனுடையது. பத்தொன்பது வருடங்களாக அங்கே இருக்கிறேன். இந்த வாக்குமூலத்தில் அவரை அண்ணன் என்று எழுத வேண்டாம், உரிமையாளர் என்று எழுதுங்கள் என்று கேட்டேன். உறவை மறைத்து எழுத முடியாது என்று காவல் ஆய்வாளர் சொன்னதால் அண்ணன் என்றே எழுதப்படுகிறது.

விபத்துக்குள்ளான வெள்ளைக் கார் பதினெட்டு வருடப் பழையது. அதை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர். தூக்கக் கலக்கத்தில் வேகமாக ஓட்டி, பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஆசிரியை ஒருவர்மேல் மோதினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டுக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் கால் போனதற்குக் காரணம் என் மாப்பிள்ளை இல்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தக் காரின் இடது முன்சக்கரம் மூடி இல்லாத சாக்கடைக் குழியில் இறங்கி, லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கை. அது வளைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் மாட்ட வேண்டும். அன்று நான் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். அண்ணன் அந்த ஆர்மை காஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, அதையே திரும்ப மாட்டிவிட்டார். மறுநாள் வந்து போனவர்களிடமெல்லாம் அந்தப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். வீங்கிய கன்னத்தோடு நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்தார். “மச்சான், வண்டி இடது பக்கமாவே இழுக்குது. கைய விட்டா நேரா பிளாட்பாரத்துல ஏறிடும் போல. உங்க தங்கச்சியவிட இது பெரிய பிடிவாதமா இருக்கே!” என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போக ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. இடது முன் டயரின் வெளிப்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அதன் பிறகு அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன். சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் அளவைக் கம்பியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவைத் திருத்த அந்தக் காரில் வழி கிடையாது. அந்த அளவு திரையில் சிவப்பாக வந்தது. ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அதன் பிறகு விளக்கோடு அடியில் போய்ப் பார்த்தபோது, ஆர்மில் நெருப்புப் பட்ட இடம் நீலம் பாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இருந்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நகம் மாட்டியது.

அண்ணனை அடியில் கூப்பிட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை வெளியே தண்ணீர்த் தொட்டி அருகில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஆர்ம் விரிசல் விட்டிருக்கு. மாத்தியே ஆகணும்.”

“நான் பண்ணின வேலையில நீ நொட்டை சொல்றியா?”

“நொட்டை சொல்லலண்ணே. கைய வெச்சுப் பாருங்க.”

“டேய், மாப்ள எதிர்ல என் மானத்த வாங்காத. அவன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஸ்டீயரிங்கக் கழட்டி நேரா வெச்சு மாட்டிக் கொடு. அடுத்த தடவை வரும்போது சத்தமில்லாம ஆர்ம மாத்திடலாம்.”

அவர் கையை வைத்துப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு நான் தெரிந்தே செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தேய்ந்த டயரைப் பின்னால் மாற்றினேன். இழுப்பு தெரியாமல் இருக்க இடது முன் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஸ்டீயரிங் வளையத்தைக் கழற்றி, ஒரு பல் தள்ளி, பார்வைக்கு நேராக இருக்கும்படி மாட்டினேன். திரையில் சிவப்பு மட்டும் போகவில்லை. அதன் பிறகு மெஷினில் அந்தக் காரின் பெயரை எடுத்துவிட்டு, சாய்வு அதிகம் அனுமதிக்கும் வேறொரு பெரிய வண்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லா அளவும் பச்சையாகிவிட்டது. தாளை அச்செடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “கையக் கொடுங்க மச்சான், கத்தி மாதிரி நேரா போகுது” என்றார். கொடுத்தேன். “மெதுவா ஓட்டுங்க மாப்ள” என்றேன். “நான் என்னைக்கு மச்சான் வேகமா ஓட்டினேன்?” என்று சிரித்தார். உண்மையில் அவர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை, இதை அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு பதினாறாம் நாள் காலை எட்டு நாற்பதுக்கு அந்த விபத்து நடந்தது. அன்று மாலையே அண்ணன் நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை இந்த நிலையத்தில் கொடுத்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம், “வாய மூடிக்கிட்டு இரு. கையெழுத்து உன்னோடது, கம்பி எண்ணப் போறவனும் நீதான்” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள் வேலைக்குப் போனேன். முப்பத்தொரு கார்களுக்கு அலைன்மென்ட் பார்த்தேன். மூன்று வேளையும் சாப்பிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

நேற்று மாலை நான்கு மணிக்குத் தங்கை பட்டறைக்கு வந்தாள். அண்ணனும் நானும் இருந்தோம். எங்களைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் சொன்னது: “ஸ்டீயரிங் கையில நேராத்தான் இருந்துச்சு, சக்கரம் மடங்கிடுச்சுன்னு அவர் சத்தியம் பண்றாருண்ணா. நான் நம்பல. அந்தப் பேப்பர்ல சின்னண்ணன் கையெழுத்து இருக்கு, அவர் கை பட்ட வண்டி அப்படி ஆகுமான்னு கேட்டேன். நீங்க தூங்கித்தான் இருப்பீங்க, கோர்ட்டுல ஒத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். அழுதாரு. ரசமட்டம் மச்சான் பார்த்தது தப்பாகாது, நான்தான் கண் அசந்துட்டேன் போலன்னு சொல்லிட்டாரு.” அண்ணன் கையில் ஸ்பானரோடு நின்றபடி, “அதாம்மா நல்லது, ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்” என்றார். சின்ன வயதிலிருந்து அவருக்குப் பயந்தவன் நான், அந்தப் பயம் அங்கேயே செத்தது. தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் மட்டும் வரவில்லை. வீட்டுக்குப் போ என்று அவளை ஆட்டோ ஏற்றி அனுப்பினேன்.

அதன் பிறகு இன்று காலை நானாகவே இங்கு வந்தேன். கார் இந்த நிலையத்தின் பின்புறம்தான் நிற்கிறது. முறிந்த ஆர்மைக் கழற்றிப் பாருங்கள். முறிவில் பாதி துருப்பிடித்திருக்கும், அது பழைய விரிசல். மீதிப் பாதி பளபளப்பாக இருக்கும், அது விபத்தன்று முறிந்தது. அண்ணன் கொடுத்த தாளின் முதல் வரியில் வேறு வண்டியின் பெயர் இருக்கிறது. அதை நீங்களும் படிக்கவில்லை, மாப்பிள்ளையின் வக்கீலும் படிக்கவில்லை. நாளை மறுநாள் மாப்பிள்ளையை நீதிமன்றத்தில் நிறுத்தும்போது, செய்யாத குற்றத்தை அவர் ஒத்துக்கொள்வதற்கு முன்பு, இந்த வாக்குமூலம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

தங்கையிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. ஆய்வாளரே சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். அது காவல்துறையின் வேலை இல்லை என்றார்.

முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் செய்த வேலையைப் பற்றி எழுதிய இடத்தில் ‘அண்ணனின் வற்புறுத்தலால் கவனக்குறைவாக’ என்று இருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து எதையும் செய்ய வைக்கவில்லை. வேலையை நான் மிகவும் கவனமாகத்தான் செய்தேன். அந்த மூன்று சொற்களையும் அடித்துவிட்டு, ‘தெரிந்தே’ என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் வழக்கு உன் பக்கம் திரும்பும் என்று ஆய்வாளர் இரண்டு முறை எச்சரித்தார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றவை எல்லாம் யாருடைய மிரட்டலும் இல்லாமல், நடந்தது நடந்தபடி நான் சொல்ல எழுதப்பட்டவை.

(ஒப்பம்)
வீல் அலைன்மென்ட் மெக்கானிக்