பதினாறு பேருக்கும் ஒரே நம்பர்

"அலோ... ஆமா... ஆமாங்க, ஜீவனோட நம்பருதான். அவரு இல்லீங்க. போனச் சார்ஜுல போட்டுட்டு கேரம் வெளையாடப் போயிட்டாரு. வந்தா சொல்லவா? ... யாரு? ... கலாராணியா? நான்தான் கலாராணி. ... எனக்கா கோல்?"

கலாராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் புருஷனுடைய போனில் அவளுடைய பேரைச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை. வாசலில், மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குத் தூக்கிப்போகக் கட்டிவைத்த அழுக்குத்துணி மூட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் லயத்துப் பெண்கள் எல்லாம் அந்நேரம் பீலித் தண்ணீரில்தான் நிற்பார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி.

"சொல்லுங்க... பதுளையில இருந்தா... றஷீதா மிஸ். ஆமா, கேக்குது. ... ஆராய்ச்சியா? என்னா ஆராய்ச்சி? ... வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறோம்னு. ம்... நல்ல விசயம்தான். ... நான் போர்ம் நெரப்பிக் குடுத்தேனா? இல்லியே மிஸ். ... கையெழுத்து இருக்கா. ... சரி, நீங்க வாசிங்க. நான் என்னதான் எழுதியிருக்கேன்னு நானும் தெரிஞ்சிக்கிறேன்."

சார்ஜர் கம்பி நீளம் போதாமல் ஜன்னலோரம் குனிந்துதான் நிற்க வேண்டியிருந்தது. பிள்ளை கம்பியைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

"எத்தன மணிக்கு எழும்புறேனாம்? ... ஆறு மணிக்கா. ஆறேகாலுக்குப் பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்கணும் மிஸ். ஆறு மணிக்கு எழும்புறவ வேற எவளோ. ... நாலரை. எழுதிக்குங்க, நாலரை. ... காலையில சமைக்கிறது? ... யாரு, எங்க வீட்டுக்காரரா? ... இல்ல மிஸ், நான் சிரிக்கல்ல. பிள்ள காதப் புடிச்சு இழுக்குது. ... றொட்டி சுடுறாரா. அவரு றொட்டி தின்னுவாருங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல ஏலாது. தின்னுறதுக்கு ஏதாவது கட்டம் இருந்தா நெரப்பிக்குங்க."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வீட்டு வேலையில் புருஷனுடைய பங்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்று அந்தத் தாளில் இருந்தது. நான்கு மணி நேரம். அவள் கைவிரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். தலைசீவுவது, டீவி பார்ப்பது, வாசலில் நின்று பல் விளக்குவது எல்லாவற்றையும் கூட்டினாலும் இரண்டைத் தாண்டவில்லை.

"மிஸ், ஒண்ணு கேக்குறேன். நீங்க எங்க லயத்துக்கு எப்ப வந்தீங்க? ... நீங்க வரல்ல, ரெண்டு தம்பிமார அனுப்புனீங்க. சரி, எப்ப? ... புதன்கெழம, பகல் ரெண்டு மணிக்கு. ... அந்நேரத்துக்கு நாங்க எட்டாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறோம். அந்தி நிறுவை முடிச்சு வீடு வர அஞ்சு தாண்டிரும். ... ஆம்பளைங்க இருப்பாங்கதானே. அவங்க வேல பகலோட முடிஞ்சிரும். ... பொம்பளைங்க படுற பாட்ட ஆராய வந்தவங்க, பொம்பளைங்க இல்லாத நேரமாப் பாத்து வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்காங்க. நல்லா இருக்கு ஒங்க ஆராய்ச்சி. ... தோட்டத்து ஒப்பீசு ஐயா ஒருத்தர்தான் நேரம் சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தாரா? ஓ... அவருக்குத் தெரியாதாக்கும் எங்க நேரம்."

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறியது அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த கேள்விக்குத்தான் அவள் தடுமாறினாள்.

"போர்ம் நெரப்புனதுக்குப் பரிசா? ... என்னா பரிசு? ... சாப்பாட்டுப் பெட்டி. மஞ்சக் கலர்தானே... மூடியில பூப் போட்டது. ... ஆமா. ஆமா, கெடைச்சிச்சு."

பெட்டி எதிரே சுவர்த் தட்டில்தான் இருந்தது. பதுளைக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி அவளுக்கென்று வாங்கியதாக ஜீவன் சொல்லியிருந்தான். மலையில் காலைத் தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் பார்க்கட்டும் என்று வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதை முதலில் திறந்தவள் அவள். மற்றப் பெண்களும் அதே பெட்டியைக் கொண்டுவந்தபோது, ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஆண்களுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நல்லம்மாக்கா கேட்டதற்கு எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

"இருக்கேன் மிஸ். லைன்லதான் இருக்கேன். ... ஒண்ணுமில்ல. அடுத்தது வாசிங்க. ... பகல் சாப்பாட்டு நேரமா? ... என்னா எழுதியிருக்கு?"

பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"திரும்ப வாசிங்க... 'பகல் ஓய்வு தேவையில்லை. ஒரே நீட்டாக வேலை செய்து ரெண்டரைக்கு வீடு திரும்ப விரும்புகிறேன்.' ... இதுக்குக் கீழ என் கையெழுத்தா?"

வெள்ளிக்கிழமை பெரட்டில் கங்காணி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடுத்த மாதத்திலிருந்து பகலில் வீட்டுக்குப் போகும் ஒரு மணிநேரம் கிடையாது, நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், இனி யாரும் தோட்டத் துரையிடம் போய் நிற்கவேண்டாம் என்றார் அவர். எவள் எழுதிக் கொடுத்தாள் என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையேறும் வழி முழுக்கச் சண்டை. ஒருத்தி கலாராணியைக்கூடச் சந்தேகப்பட்டாள். பத்தாம் வகுப்புவரை படித்தவள் அவள்தானே.

இதையெல்லாம் மூச்சு விடாமல் றஷீதா மிஸ்ஸுக்குச் சொன்னாள். குரலில் கேலி இல்லை.

"இந்தப் பிள்ள பால் தவிர வேற எதையும் வாயில வாங்காது மிஸ். காலையில ஆயா பாத்துக்கிற பிள்ளக்காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போனா, பகலுக்கு எறங்கி ஓடியாந்து பால் குடுத்துட்டு, நின்ன வாக்குல ரெண்டு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கிட்டு மறுபடி ஏறுவேன். அந்த ஒரு மணிநேரம்தான் அதுக்குச் சாப்பாடு. அத எடுத்தீங்கன்னா ஏழு மணிக்கு விட்டுட்டுப் போற பிள்ள ரெண்டரை வரைக்கும் வெறும் வயித்தோட கெடக்கும். ... எங்க லயத்துல பால் குடிக்கிற பிள்ள மட்டும் நாலு இருக்கு. ... ஆமா, மாத்தி எழுதுங்க. ... ஏன் ஏலாது?"

கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மெல்ல மாறியது.

"எல்லாம் ஒரே கையெழுத்தா. ... எத்தன போர்ம்? ... பதினாறு. ... வளைஞ்ச எழுத்தா, 'ழ'னாவுக்கு வால் நீட்டி விட்டிருக்கா? ... எங்க வீட்டுக்காரருதான். லயத்துல எல்லாருக்கும் கடிதம் எழுதிக் குடுக்கிறவரு. பதினாறு பொம்பளைங்களுக்கும் ஆறு மணி, பதினாறு புருசனும் றொட்டி சுடுறாங்க. ... வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு மிஸ். ரெண்டரைக்கு பொண்டாட்டி வீட்டுக்கு வந்துட்டா அந்திச் சமையல் சூடா கெடைக்கும்னு நெனச்சிருப்பாரு. அவருக்கு அதுதான் பெரிய யோசன. ... அப்ப இதத் தூக்கிப் போட்டுருங்க. ... எங்க லயத்தையே விட்டுட்டா ரிப்போட்டு எழுதுவீங்க? அது இதவிட மோசம். தோட்டத்து ஒப்பீசு கையில இப்ப இருக்கிற இந்தப் போர்ம்தான் நெலைக்கும். ... எப்ப குடுக்கணும்? ... நாளைக்கா."

 போனுக்குள் வேறொரு சத்தம் கேட்டது.

"மிஸ், அங்க பிள்ள அழுகுதா? ... ஒங்களோடதா. எத்தன மாசம்? ... ஞாயித்துக்கெழமையும் வேலயா ஒங்களுக்கு. ... போய்த் தூக்குங்க, நான் இருக்கேன். ... இருக்கேன்னு சொல்லுறேன்ல."

காத்திருந்தாள். அந்தப் பக்கத்து அழுகை அடங்கியது.

"தூக்கிட்டீங்களா? சரி. ... ஒவ்வொருத்தரும் தன் வாயால சொன்னா எடுத்துக்குவீங்களா? ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா கோல் எடுக்கணும், அப்படியா? ... எடுங்க. நம்பர் இருக்குமே போர்ம்ல. ... என்னா? ... பதினாறுக்கும் இதே நம்பரா?"

இந்த முறை அவள் சிரித்தது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

"அப்ப சுகமாப் போச்சு. கேளுங்க மிஸ். இப்ப கட் பண்ணுங்க. பத்து நிமிசம் கழிச்சு இதே நம்பருக்கு எடுங்க. எடுத்து என்னக் கேக்காதீங்க, நல்லம்மான்னு கேளுங்க. அது முடிஞ்சதும் அடுத்த பேரு. எல்லாரும் பீலியிலதான் நிக்கிறாங்க. நான் கொண்டுபோறேன். ... சார்ஜ் தொண்ணூறு இருக்கு, பயப்படாதீங்க. ... என்னோடது முடியல்லியா? இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்க. ... மன நிம்மதி. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். அவரு அஞ்சு போட்டிருப்பாரே. ..."

வாய்க்கு வந்த நக்கலைச் சொல்லப்போனவள் நின்றுவிட்டாள்.

"அதக் கடைசியா கேளுங்க மிஸ். பதினாறாவது ஆளா. யோசிச்சு வைக்கிறேன். ... சரி. ... சரி, வைங்க."

கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது ஜீவன் வாசலில் நின்றான். விரலெல்லாம் கேரம் பலகையில் தூவும் மா. யார் பேசியது என்று கேட்டுக்கொண்டே போனுக்குக் கையை நீட்டினான். நீட்டிய கையில் கலாராணி பிள்ளையை வைத்தாள். துணி மூட்டையைத் தலையில் ஏற்றினாள். அவன் மறுபடியும் போனைக் கேட்டான். யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்றான்.

"அவசரமாத்தான் கூப்பிடப் போறாங்க," என்றாள் அவள். "ஒங்கள இல்ல. பிள்ளையப் பாத்துக்குங்க. நாலு மணிநேரம் பாப்பீங்களாம், எழுதியிருக்கு."

படியிறங்கிப் பாதித் தூரம் போவதற்குள் கையில் போன் அதிர்ந்தது. பத்து நிமிஷம் ஆகவில்லை. அவள் அதை உயர்த்திப் பிடித்தபடி, பீலிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, நல்லம்மாக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.