மறுபடியும் பஸ் எண்ணுகிறாள்

சிதம்பரத்தில் நான் ஏறிய பஸ் கடலூரை நெருங்கும்போது, முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தன் அண்ணியிடம் கத்தாத குறையாகச் சொன்னாள்: "பாப்பா மறுபடியும் பஸ் எண்ணுறா அண்ணி!" ஏழு வயதிருக்கும் அவள் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஏடிஹெச்டி துறுதுறுப்புக்குக் குடுத்த பழைய மாத்திரையிலயே அமைதியாதான இருந்தா?"

"பொம்மையாட்டம் இருந்தா. பஸ் எண்ணவே இல்ல, சோறும் எறங்கல. நான் தெனம் எழுதி வச்சதப் பாத்துட்டு டாக்டரு வேற மாத்திரை குடுத்தாரு. இப்ப ஒக்காந்து சாப்புடுறா!"

"அப்ப ஆட்டிசமும் போயிடுமா?"

"அது எதுக்குப் போவணும்? அது அவ கூடவே பொறந்தது."

"நாப்பத்தி ரெண்டு," என்றாள் பாப்பா.

"நாப்பத்தி மூணு, செல்லம். இப்ப ஒண்ணு போச்சே," என்றாள் அண்ணி.

"அது காலேஜ் வேன், அத்தை. எண்ணக் கூடாது."