திருப்பி மாட்டக் கூடாத பெயர்ப்பலகை

மேடையில் வீற்றிருக்கும் பண்ணை இயக்குநர் திரு. அம்புருஷ் அவர்களே! தலைநகரின் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே! மறைந்த டாக்டர் பிரோஷ்கா அவர்களின் தம்பி குடும்பத்தாரே! லாயத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இந்தச் சவாரிக் கூடத்தில் வந்து நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வென்டெல். இந்தப் பண்ணையின் கால்நடை மருத்துவன். டாக்டர் பிரோஷ்காவின் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறை என்னுடையது. இருபது வருடங்கள் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நண்பர்களாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். கண்ணீர் வரவழைக்கும் பேச்சு எனக்கு வராது, அவருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் பிரோஷ்கா எதை ஆராய்ந்தார்? இங்கே கூடியிருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "குதிரை வயித்துக்குள்ள எதையோ தேடுற அம்மா" என்றுதான் டிசா ஆற்றின் இந்தக் கரையில் அவரைச் சொல்வார்கள். அவர் தேடியது ஏற்பிகளை. ரத்தத்தில் வரும் ஹார்மோன் சொல்லும் சேதியைக் கேட்க, கருப்பைச் சுவரில் இருக்கும் காதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினையைத் தாங்கும் ஹார்மோன் புரோஜெஸ்ட்ரோன். அப்படியென்றால் சினை பிடித்ததும் அதைக் கேட்கும் காதுகள் பெருக வேண்டும் அல்லவா? பெருகுவதில்லை! சினையின் தொடக்க வாரங்களிலேயே கருப்பையின் மேல்படலத்தில் அந்த ஏற்பிகள் காணாமல் போய்விடுகின்றன. அடித்திசுவில் மட்டும் தங்குகின்றன. சினை நிற்காத பெட்டைக் குதிரைக்கோ, சில நாளில் மேல்படலத்தில் அவை திரும்ப வந்துவிடும். கரு என்ன சொல்கிறது, கருப்பை ஏன் அந்தக் காதுகளை மூடிக்கொள்கிறது? இந்த ஒரு கேள்விக்கு ஒரு மனுஷி தன் ஆயுளைக் கொடுத்தார்.

கருப்பையிலிருந்து நெல்மணி அளவு திசுவை இடுக்கியால் கிள்ளி எடுத்து, மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார். ஏற்பி இருக்கும் இடம் பழுப்பாகும், இல்லாத இடம் வெளுத்திருக்கும். அவ்வளவுதான். அந்தப் பழுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் ஒரு குதிரையின் உயிர் தொங்கியது.

அந்தக் குதிரையின் பெயர் போட்சா. நம் பண்ணை வழக்கம் உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து மூன்று பருவம் சினை நிற்காத பெட்டையின் பெயர்ப்பலகையை லாயக் கதவில் திருப்பி மாட்டுவோம். எழுத்து உள்ளே, வெறும் மரம் வெளியே. அந்த வாரமே கசாப்பு லாரி வந்துவிடும். போட்சாவுக்கு அது மூன்றாவது பருவம். லாயத் தலைவர் பன்டி இதோ நிற்கிறார், அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"டாக்டரம்மா, இவ நம்மள ஏமாத்துறதுக்குன்னே பொறந்தவ. தின்னு தின்னு வயித்த மட்டும் வளக்குறா."

"உனக்கும்தான் வயிறு வளந்திருக்கு பன்டி. உன்ன யாராச்சும் லாரியில ஏத்துனாங்களா?"

டாக்டர் பிரோஷ்கா தன் கையாலேயே போட்சாவை ஸ்கேன் செய்தார். ஒன்றும் தெரியவில்லை. 'வெறும் வயிறு' என்று சொல்லிவிட்டார். சினை இல்லாத பெட்டையின் மாதிரி ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. ஒரு வாரம் கழித்து, மறுபடி ஸ்கேன் செய்யாமல், திசுவைக் கிள்ளி எடுத்தார்.

தோழர்களே! குதிரையின் கரு முதல் இரண்டு வாரம் ஓரிடத்தில் உட்காராது. கருப்பை மேலே இரண்டு கொம்பாகப் பிரியும், இந்தக் கொம்புக்கும் அந்தக் கொம்புக்கும் கரு உருண்டுகொண்டே இருக்கும். அப்படி ஊர் சுற்றித்தான் தான் வந்திருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கும். இதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவரே அவர்தான். அவருக்கே அது தப்பியது!

கண்ணாடியில் மேல்படலம் வெளுத்திருந்தது. சாயம் ஏறவில்லை என்று நினைத்தார். சாயம் விற்றவரைத் திட்டிய திட்டு சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி வெளுப்பு. பிறகு திட்டு நின்றுபோனது. என் கதவைத் தட்டினார்.

"வென்டெல், கொஞ்சம் வந்து பாருங்க. மேல வெளுத்திருக்கு. அடியில பாருங்க, நல்லா பழுப்பா பிடிச்சிருக்கு. சாயம் கெட்டிருந்தா அடியிலயும் பிடிச்சிருக்காதே?"

"அப்படீன்னா?"

"சினையா இருந்திருக்கா."

இருவரும் லாயத்துக்கு நடந்தோம். ஸ்கேனில் கரு இல்லை, கலைந்த சுவடு மட்டும் இருந்தது. போட்சா மலடு இல்லை என்று காட்டிய அதே இடுக்கிதான் அவளுடைய சினையையும் கலைத்திருந்தது.

அந்த வெளுப்பைப் படிக்கத் தெரிந்தவர் இந்தப் பண்ணையில் அவர் ஒருவர்தான். என்னிடம் காட்டாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. சாயம் சரியில்லை என்று குப்பையில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன்.

"சார், போட்சா வெறும் வயிறு இல்ல. சினையாத்தான் இருந்தா. கலைச்சது நான். பலகையத் திருப்பாதீங்க."

"யாருக்குமே தெரியாதே டாக்டர். இத எதுக்கு வந்து சொல்றீங்க? மேலிடத்துக்குப் போனா உங்க ஆராய்ச்சியவே நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும் சார். தப்புப் பண்ணது நான். லாரி மட்டும் ஏன் அவளுக்கு வரணும்?"

நிறுத்தினார்கள். இரண்டு வருடம் அவர் எந்தத் திசு மாதிரியும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவர் கண்டுபிடித்து வந்ததை அதற்குள் வேறு நாட்டில் வேறொருவர் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். அதைப் படித்தபோது என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா எழுதியிருக்கான்" என்றார். அவ்வளவே. அன்று மட்டும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்.

போட்சாவின் பலகை திரும்பவில்லை. அடுத்த வசந்தத்தில் சினை நின்றது, குட்டி போட்டாள். பன்டி பாலிங்கா பழச்சாராயப் புட்டியோடு வந்து அழுதார். டாக்டரம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "குட்டிக்குக் கால் நேரா இருக்கா?" என்று கேட்டார். கிள்ளும் நாளன்றே இரண்டு கொம்பும் நுனிவரை ஸ்கேன் செய்யாமல் எந்தப் பெட்டையையும் தொடக் கூடாது என்பது அன்றிலிருந்து இங்கே விதி. அதைத் தன் பெயரால் அழைக்க வேண்டும் என்று அவர்தான் அடம்பிடித்தார். பெருமைக்காகவா? தன் தவறை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக!

இன்று காலை ஆய்வுக்கூடத்தைக் கடந்து வந்தேன். கதவில் அவருடைய பெயர்ப்பலகை திரும்பியிருந்தது. வெறும் மரம். பக்கத்தில் பன்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன பன்டி இது?"

"இனிமே வர மாட்டாங்களே சார். எனக்கு வேற எப்படின்னு தெரியல."

"பலகைய எந்தப் பெட்டைக்குத் திருப்புவோம் பன்டி?"

 அவர் எட்டி, எழுத்து வெளியே தெரியும்படி தன் கையாலேயே மாட்டினார்.

டாக்டர் பிரோஷ்கா அவர்களே! கரு என்ன சொல்கிறது என்ற உங்கள் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை உங்கள் மாணவர்கள் சாயத்தை எடுப்பார்கள். அதற்கு முன்னால் இரண்டு கொம்பையும் நுனிவரை பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கவைப்பது என் பொறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் திட்டுச் சத்தம் கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பலகையை நாங்கள் திருப்ப மாட்டோம்.