சாருக்காக நடந்த கால்

அல்சூர் பேருந்தில் எனக்கு முன்னால் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் பெண்கள் இருவர். இளையவளின் குதிகாலுக்கு மேலே வீங்கியிருந்தது.

"எங்க சாருக்கு நாந்தான் நடக்குறேன்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"ஓடி ஓடி அவருக்குக் குதிகால் நரம்பு வீங்கிடுச்சு. டாக்டரு நடக்காதன்னுட்டாரு. ஆபீஸ்ல நடைப்போட்டியாம். எத்தினி அடி நடந்தோம்னு எண்ணுற அவரு வாட்சை என் கையில கட்டிட்டாரு. வீட்டுக்கும் கட்டிட்டே போன்னாரு."

"அதான் உனக்கும் அதே எடத்துல வீங்கிடுச்சா! ரெஸ்ட் கேட்டியா?"

"கேட்டேன். போட்டி முடியட்டும்ங்குறாரு."

ஓய்வு அவருக்கு, நடை இவளுக்கு. சிகிச்சையை இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்த மருத்துவமனையை நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு இன்னா பண்ணுவ?"

"போகமாட்டேன். வாட்சைக் கழட்டாம, ஐஸ் வெச்சு, காலை நீட்டி உக்காருவேன். போட்டியில சாரும் ரெஸ்ட் எடுக்கட்டும்."