"திரும்பி வந்தார்" என்று எழுதினேன்

வீட்டை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மாற்றுத் துணி தீர்ந்ததும் தாங்களாகவே வந்துவிடுவார்கள். காவல் நிலையத்தில் பத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள் ஐயா. கணவனோடு சண்டை, பரீட்சையில் தோல்வி, காதல். தேடிப் போனால்தான் வம்பு. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மாதக் கடைசி ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின நாள், வயது வந்தவர்களைக் காணோம் என்ற புகார்களையெல்லாம் "திரும்பி வந்தார்" என்று முன்கூட்டியே எழுதி முடித்துவிடுவோம். புகார் கொடுத்தவர் கையெழுத்தையும் நானே போட்டுவிடுவேன். ஆள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும்.

அந்தத் தையல்காரர் வந்தது ஒரு இருபத்தெட்டாம் தேதி. ஒரே மகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முந்தின நாள் காலையில் போனவள் வீடு திரும்பவில்லை. என்ன உடை என்று கேட்டேன். மற்ற அப்பாக்கள் நிறத்தைக்கூடத் தப்பாகச் சொல்வார்கள்.

"வெள்ளைச் சட்டைங்க, நான் தைச்சது. நூல் தீர்ந்துபோச்சுன்னு இடது கை உள்தையல மட்டும் பச்சை நூல்ல போட்டுட்டேன். உள்ளதானேப்பா, யாரு பாக்கப்போறான்னு சொல்லிட்டு மாட்டிக்கிட்டா."

எழுதிக்கொண்டேன். மறுநாளே புகாரை முடித்துவிட்டேன்.

நான்காம் நாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லாரி மோதிய இளம்பெண், நினைவில்லை, கையில் பையோ போனோ இல்லை, சட்டையின் இடது கை உள்தையல் பச்சை நூல். எழுதிய நர்ஸ் கெட்டிக்காரி. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன், ஐயா. ஆனால் தையல்காரர் பெயரில் நான் போட்ட கையெழுத்து வெளியே வந்துவிடுமே? எனக்கும் குடும்பம் இருக்கிறது. நினைவு வந்தால் அவளே பெயரைச் சொல்லிவிடுவாள் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

இரண்டாவது கடிதம் வந்தது. நினைவு திரும்பிவிட்டது, பேச்சு வரவில்லை, கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள், தெரிந்தவர் வந்தால் தேறுவாள். அதைப் படிக்கும்போது தையல்காரர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது தபால் வந்துச்சா சார்?"

"வந்தா சொல்லாம இருப்பேனா? மனச விட்டுடாதீங்க."

மூன்றாவது கடிதம், உடலைக் கேட்டு யாராவது வருவார்களா என்று. எங்கள் எல்லையில் அப்படி யாரும் காணாமல் போகவில்லை என்று பதில் எழுதினேன். பதிவேட்டின்படி அது உண்மையும்கூட.

நான்கு வருடமாகத் திங்கட்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, வேறு ஊரில் யாரோ பார்த்ததாகத் தகவல் என்பேன். அவர் முகம் மலரும்போது நான் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். போன மாதம் ஒரு புதுச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். "தையல்ல இடம் விட்டிருக்கேன் சார். கொஞ்சம் பெருத்திருந்தாலும் பிரிச்சுவிட்டுக்கலாம்." என் இழுப்பறையைச் சோதித்தபோது கடிதங்களின் மேலிருந்து நீங்கள் எடுத்தது அதுதான்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், திங்கட்கிழமை அவர் வந்தால் யாராவது கொஞ்சம் பக்குவமாகப் பேசுங்கள். பாவம், அந்த மனுஷனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.