வாமதேவன் இன்னும் யோசிக்கிறார்

வாமதேவன்: மனிசனாப் பிறந்தவன், தம்பி, வாழ்க்கையில ஒரு நாள் இந்தக் கேள்விக்கு முன்னால தனிய நிண்டே ஆகோணும். வாங்கிறதோ... இல்லாட்டிச் சொந்தமாச் செய்விக்கிறதோ.

சுபாஸ்கரன்: அலுமாரியோ அண்ணை?

வாமதேவன்: துவக்கு. சுடுற துவக்கு.

சுபாஸ்கரன்: ...அந்த ஸ்குரூ டிரைவரை ஒருக்கா இஞ்சாலை தாங்கோ.

வாமதேவன்: இந்தாரும். என்ன பிரச்சினை?

சுபாஸ்கரன்: பிணைச்சல் இறுகிப் போச்சு அண்ணை. இந்தக் கிச்சின் அலுமாரிக் கதவு திறக்கக் கஷ்டமாயிருக்குமே?

வாமதேவன்: நீர் இந்தக் கிச்சினைச் செய்து பூட்டின நாளில இருந்தே இறுக்கம்தான். ஜெயகௌரி அப்பவே சொன்னவ.

சுபாஸ்கரன்: ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே.

வாமதேவன்: எடுத்தனான். உம்மட மெஷின்தான் கதைச்சது. வெகு விரைவில் தொடர்பு கொள்ளுவினமாம். ஜேர்மன்காரன் சொன்னாச் செய்வான் எண்டு ஜெயகௌரிக்குச் சொன்னன்.

சுபாஸ்கரன்: நான் ஜேர்மன்காரன் இல்லையே அண்ணை. ஜேர்மனியில இருந்து இஞ்சை வந்தனான்.

வாமதேவன்: அதுதான் ஐஞ்சு வருசம் பிந்தினது.

சுபாஸ்கரன்: குரோய்டன் பக்கம் ஒரு வேலை அண்ணை. வானில போகேக்கை உங்கட வீடு ஞாபகம் வந்தது. சரி, கிச்சின் எப்பிடி இருக்கெண்டு...

வாமதேவன்: கிச்சின் பூட்டிக் காசு வாங்கின ஆள், கூப்பிடாமலே திரும்பி வந்து பிணைச்சல் பாக்கிறது இந்த லண்டனில இதுதான் முதல் தரம்.

சுபாஸ்கரன்: கஸ்டமர் சேர்விஸ் அண்ணை.

வாமதேவன்: நல்லது. கஸ்டமர் கேக்கிறன், சொல்லும். வாங்கிறதோ, செய்விக்கிறதோ?

சுபாஸ்கரன்: என்ன... என்ன மாதிரித் துவக்கு?

வாமதேவன்: செமி ஓட்டோமற்றிக். ஆனா மலிவு.

சுபாஸ்கரன்: ஊரில எங்கட அக்காவிட்டைச் செமி ஓட்டோமற்றிக் வோஷிங் மெஷின் ஒண்டு இருந்தது. பாதியை அது செய்யும், மிச்சத்தை அக்கா செய்வா.

வாமதேவன்: பகிடி விடாதையும். ஒரு வெடி தீர்ந்தவுடன அடுத்த ரவையைத் தானா ஏத்தும், அவ்வளவுதான். பெரிய ரவைக்கு இந்த நாட்டில தடை. சின்ன ரவை போடுறதை விடுவினம். மட்டையில குறி பாத்துச் சுடுறதுக்கு மட்டும். அதுக்கும் சுடுற கிளப் ஒண்டில சேரோணும், அது சேர்ந்திட்டன். இரும்புப் பெட்டி சுவரில அடிக்கோணும், பொலிஸ் வீட்டை வந்து பாக்கோணும்.

சுபாஸ்கரன்: வந்து பாத்தவையோ?

வாமதேவன்: வருவினம். வீட்டில வேற ஆர் இருக்கினம் எண்டு கேப்பினமாம்.

சுபாஸ்கரன்: அக்கா... ஜெயகௌரி அக்கா இல்லையோ?

வாமதேவன்: ரொறன்ரோவில. மகளின்ர பிள்ளைப்பெறு பாக்கப் போனவ.

சுபாஸ்கரன்: ஓ. பிறந்திட்டுதோ?

வாமதேவன்: பள்ளிக்கூடம் போகுது. உம்மட கிச்சினில அவ ரெண்டு முறைதான் சமைச்சவ. அதுதான் இன்னும் புதுசாக் கிடக்கு. உமக்கு விளம்பரத்துக்குப் படம் வேணுமெண்டா எடும்.

சுபாஸ்கரன்: இருக்கட்டும் அண்ணை. கதவுக்குப் பின்னால தொங்குற பை விழப்போகுது. என்ன இது, காற்சட்டையோ?

வாமதேவன்: வையும் அதை. கிளப்புக்குக் கொண்டுபோறது.

சுபாஸ்கரன்: கிளப்புக்கு ஏன் மாத்துடுப்பு?

வாமதேவன்: குறிசுடுறது கனவான்களின்ர விளையாட்டுத் தம்பி. உடுப்பில ஒரு கவனம் இருக்கோணும்.

சுபாஸ்கரன்: ஓம் ஓம்.

வாமதேவன்: விசயத்துக்கு வாரும். கிளப்பில கிரஹம் எண்டு ஒருத்தர். அவர் சொல்லுறார், மலிவில முழுசா ஒண்டை வாங்கு, அலுப்படிச்சா வித்துப்போடு எண்டு. நோர்மன் எண்டு மற்றவர். அவர் சொல்லுறார், ஐயோ வேண்டாம், குழலை ஒரு இடத்தில எடு, தோளில வைக்கிற மரச் சோங்கை இன்னொரு இடத்தில எடு, லைசன்ஸ் உள்ள ஆளிட்டைக் குடுத்துப் பூட்டு, உன்ர தோளுக்கு அளவா வரும் எண்டு. அதுக்குக் கிரஹம், உன்ரையை இன்னும் பூட்டி முடியேல்லையே எண்டுவார். அதுக்கு நோர்மன், உன்ரை திருத்தக் குடுத்த இடத்திலயே குடியிருக்கு எண்டுவார். அந்தச் சண்டையை நீர் பாக்கோணும். மத்தியானம் வரைக்கும் போகும்.

சுபாஸ்கரன்: நீங்கள் என்ன சொல்லுவியள்?

வாமதேவன்: நான் கேட்டுக்கொண்டு இருப்பன். கடைசியில ரெண்டு பேரும் என்னட்டைத் திரும்புவினம். என்ன டேவ், முடிவெடுத்தாச்சோ எண்டு.

சுபாஸ்கரன்: டேவ் ஆர்?

வாமதேவன்: நான்தான்.

சுபாஸ்கரன்: வாமதேவன் எப்பிடி அண்ணை டேவ் ஆனது?

வாமதேவன்: அவையின்ர வாய்க்குள்ள போனது அவ்வளவுதான். ஆனா மரியாதையில குறையில்லை. நான் உள்ள போனா நோர்மன் எழும்பிக் கதிரை இழுத்து விடுவார். எழுபது வயசு மனிசன்.

சுபாஸ்கரன்: மெய்யாவோ?

வாமதேவன்: சிறிலங்காத் தமிழன் எண்டு சொன்னனான். அவை என்னவோ விளங்கிக்கொண்டினம்.

சுபாஸ்கரன்: இயக்கத்தில துவக்குத் தூக்கின ஆள் எண்டோ?

வாமதேவன்: நான் அப்பிடிச் சொல்லேல்லை. இல்லையெண்டும் சொல்லேல்லை.

சுபாஸ்கரன்: அண்ணை, நீங்கள் சங்கக்கடை மனேச்சர் எல்லோ.

வாமதேவன்: மனேச்சர் எண்டா லேசோ? அரிசி மூட்டையை எலியிட்டை இருந்து காப்பாத்தினனான்.

சுபாஸ்கரன்: ஷெல்லடி நடக்கேக்கையும்?

வாமதேவன்: அந்த நேரம் எலியும் நானும் ஒரே மூட்டைக்குப் பின்னாலதான். சரி, அதை விடும். நீர் மர வேலைக்காரன், உம்மட அபிப்பிராயம் என்ன?

சுபாஸ்கரன்: எனக்கென்ன தெரியும் அண்ணை... ஆனா யோசிச்சுப் பாத்தா நோர்மன் சொல்லுறதிலதான் ஞாயம் இருக்கு. ரெடிமேட் கிச்சினும் அப்பிடித்தான். பெட்டியில வரேக்கை மலிவு, மூலையில பொருந்தாது. அந்தச் சோங்கு என்ன மரம்?

வாமதேவன்: வோல்நட் எண்டா நல்லதாம். பீச் எண்டா மலிவு.

சுபாஸ்கரன்: பீச் வேண்டாம் அண்ணை. ஈரத்துக்கு முறுகும். என்னட்டை வோல்நட் துண்டு ஒண்டு கிடக்கு, ஒரு டொக்டர் வீட்டு மேசையில மிஞ்சினது. உங்கட தோள் அளவை எடுத்தா...

வாமதேவன்: எடுத்தா?

சுபாஸ்கரன்: ...இல்லை. நான் என்னத்தைக் கதைக்கிறன்.

வாமதேவன்: ஏன் நிப்பாட்டிறீர்? நல்லா வந்துகொண்டிருந்தது.

சுபாஸ்கரன்: அண்ணை, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டியளே? துவக்கு ஏன்?

வாமதேவன்: ஏனெண்டா?

சுபாஸ்கரன்: பொழுது போகேல்லை எண்டா எத்தினை இருக்கு. தோட்டம் செய்யலாம். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகலாம்.

வாமதேவன்: போனனான். செருப்புக் கழட்டுற இடத்தில ஒரு ஆள், ஜெயகௌரி எங்கை எண்டு. சாப்பாட்டு லைனில ஒரு ஆள், ஜெயகௌரி எப்ப வாறா எண்டு. திருநீறு தரேக்கை ஐயரும் கேட்டார். கிளப்பில ஒருத்தரும் கேக்கிறேல்லை. எனக்கு மனிசி இருக்கிறதே அவைக்குத் தெரியாது.

சுபாஸ்கரன்: அதுவும் ஒரு நிம்மதிதான்.

வாமதேவன்: முந்தி விசாவுக்கு இந்தக் குரோய்டனில விடிய வெள்ளண லைனில நிண்டனாங்கள் தெரியுமே. குளிர், பயம், மழை எல்லாம். ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் கதைக்க ஆள் இருந்தது.

சுபாஸ்கரன்: இரவில நித்திரை வருதோ அண்ணை?

வாமதேவன்: வருது.

சுபாஸ்கரன்: நேரத்துக்குச் சாப்பிடுறியளோ?

வாமதேவன்: நீர் பிணைச்சல் பாக்க வந்தனீரோ, நாடி பாக்க வந்தனீரோ?

சுபாஸ்கரன்: இல்லை... அந்தத் துவக்கை வீட்டிலையோ வைப்பியள்?

வாமதேவன்: பின்னை, பஸ் ஸ்டாண்டிலையோ?

சுபாஸ்கரன்: தனிய இருக்கிற வீட்டில... நான் சும்மா கேட்டன்.

வாமதேவன்: தம்பி.

சுபாஸ்கரன்: சொல்லுங்கோ.

வாமதேவன்: அந்தப் பிணைச்சலை மூண்டாந்தரம் கழட்டிறீர். ஸ்குரூ டிரைவரைக் கீழ வையும். கோசிகா உமக்குப் போன் எடுத்தவளோ?

சுபாஸ்கரன்: எந்தக் கோசிகா?

வாமதேவன்: என்ர மகள். நித்திரை வருதோ, சாப்பிடுறியளோ எண்டு கேட்டீரே, அப்பவே நினைச்சன். உமக்கு நடிப்பு வராது. கிச்சின் மட்டும் என்ன வந்தது.

சுபாஸ்கரன்: ...ஓம் அண்ணை. எடுத்தவ. போனில அழுதவ.

வாமதேவன்: அழுதவளோ?

சுபாஸ்கரன்: அப்பா துவக்கு வாங்கப்போறாராம், தனிய இருக்கிறார், எனக்குப் பயமாக் கிடக்கு அங்கிள், ஒருக்காப் போய்ப் பாருங்கோ எண்டு. குரோய்டனில எனக்கு வேலை ஒண்டுமில்லை அண்ணை. சவுத்தாலில இருந்து இதுக்கெண்டுதான் வந்தனான்.

வாமதேவன்: உம்மை ஏன் பிடிச்சவள்? லண்டனில எனக்கு எத்தினை பேரைத் தெரியும்.

சுபாஸ்கரன்: நானும் அதைத்தான் கேட்டன். தாயும் மகளும் இருந்து யோசிச்சுப் பாத்தவையாம். ஆரும் பிடிபடேல்லையாம். அக்காவின்ர போனில என்ர நம்பர் கிடந்ததாம். கிச்சின் எண்டு போட்டு.

வாமதேவன்: தேத்தண்ணி குடிக்கிறீரோ?

சுபாஸ்கரன்: முதல்ல சொல்லுங்கோ. அப்பிடி ஏதும் நினைப்பு இருக்கோ?

வாமதேவன்: எப்பிடி நினைப்பு?

சுபாஸ்கரன்: வாயால சொல்ல ஏலாது அண்ணை. உங்களுக்கு விளங்கும்.

வாமதேவன்: ...இல்லை. அம்மனாணை இல்லை. நீர் இரும், ஏன் நிக்கிறீர். பால் எவ்வளவு விட?

சுபாஸ்கரன்: கனக்க விடுங்கோ. சீனியும் போடுங்கோ.

வாமதேவன்: நான் பொலிசுக்கு அப்ளை பண்ணவேயில்லைத் தம்பி.

சுபாஸ்கரன்: என்ன?

வாமதேவன்: அப்ளை பண்ணினா முடிவெடுக்கோணும். முடிவெடுத்தா அவை பேந்து என்னோட என்னத்தைக் கதைக்கிறது? பீற்றர் எண்டு ஒருத்தர். மாரி முழுக்க என்னைப் போலத்தான், வாங்கிறதோ செய்விக்கிறதோ எண்டு நிண்டவர். அவரைச் சுத்தித்தான் எல்லாரும். ஒரு நாள் வாங்கிக்கொண்டு வந்தார். அண்டைக்கு எல்லாரும் தடவிப் பாத்தினம். அடுத்த ஞாயிறு அவர் மூலையில தனிய இருந்து அதைத் துடைச்சுக்கொண்டிருந்தார். நான் எனக்குள்ள சொன்னன், வாமதேவா, நீ அந்தப் பிழையை விட்டிடாதை.

சுபாஸ்கரன்: அப்ப வாங்கிற எண்ணமும் இல்லை, செய்விக்கிற எண்ணமும் இல்லை.

வாமதேவன்: யோசிக்கிற எண்ணம் மட்டும் இருக்கு. நீரும் வோல்நட் எண்டு தொடங்கினீர் எல்லோ? பிணைச்சல் பாக்க வந்த ஆள், ரெண்டு நிமிசம் சந்தோசமாக் கதைச்சீர்.

சுபாஸ்கரன்: சரி, அந்தப் பிள்ளைக்கு ஏன் சொன்னியள்?

வாமதேவன்: முந்தி ஞாயிறில எடுப்பாள். சாப்பிட்டாச்சோ அப்பா, சரி வைக்கிறன். ஒரு நாள் வாய் தவறித் துவக்கு எண்டன். அடுத்த நாளும் எடுத்தவள். அதுக்கடுத்த நாளும். போன கிழமை ஜெயகௌரி போனைப் பறிச்சுக் கதைச்சவ. முக்கால் மணித்தியாலம். முழுக்க ஏச்சுத்தான். எண்டாலும் முக்கால் மணித்தியாலம்.

சுபாஸ்கரன்: அங்கை அவ நித்திரை கொள்ளுறேல்லை அண்ணை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுக் காருக்குள்ள இருந்து அழுதுகொண்டுதான் எனக்கு எடுத்தவ.

வாமதேவன்: ...அழுவாள் எண்டு நான் நினைக்கேல்லை.

சுபாஸ்கரன்: இண்டைக்கே சொல்லோணும். அப்பா துவக்கு வாங்கமாட்டார் எண்டு.

வாமதேவன்: இன்னும் யோசிக்கிறார் எண்டு சொன்னாக் காணாதோ?

சுபாஸ்கரன்: காணாது.

வாமதேவன்: சொன்னாத் திரும்ப ஞாயிறுக்குப் போயிடுவாள்.

சுபாஸ்கரன்: ஞாயிறுக்குப் போனா நான் சனிக்கு வாறன் அண்ணை. இந்தக் கிச்சினில இன்னும் பன்ரண்டு கதவு கிடக்கு.

வாமதேவன்: ...வேலை கெடாதோ?

சுபாஸ்கரன்: எனக்குச் சனியில வேலை இல்லை. மற்ற நாளிலும் பெரிசா இல்லை. அதை விடுங்கோ. இப்ப போனைப் போடுறன். ஆனா நான் சும்மா சொன்னா அவ நம்பமாட்டா. அப்பா ஒளிச்சு வாங்குவார் எண்டு நினைப்பா. வாங்கவே மாட்டார் எண்டதுக்கு ஒரு காரணம் வேணும். நம்புற மாதிரி.

வாமதேவன்: காரணமோ.

சுபாஸ்கரன்: ஓம். என்ன சொல்லட்டும்?

வாமதேவன்: அந்தப் பையைச் சொல்லும்.

சுபாஸ்கரன்: எந்தப் பை?

வாமதேவன்: கதவுக்குப் பின்னால தொங்குறது. காற்சட்டை.

சுபாஸ்கரன்: கனவான்களின்ர விளையாட்டு எண்டியள்.

வாமதேவன்: கிளப்பில நான் தேத்தண்ணி மேசைப் பக்கம்தான் தம்பி. முதல் நாள் ஒரே ஒரு வெடி வைச்சனான். நிண்ட இடத்திலையே மூத்திரம் போயிட்டுது. நோர்மன் கதிரை இழுத்து விடத் தொடங்கினது அண்டைக்குத்தான்.