கெட்டியான அகர் அகர்

காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் நிலையத்துக் காப்பியைப் பற்றி ஊரில் அநியாயமாகப் பேசுகிறார்கள்.

என் பெயர் இக்னேஷியஸ். கிள்ளானில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கிறேன். லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் துப்பாக்கியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவார்கள். அவர்கள் மறதிக்கு நான் பொறுப்பில்லை.

என் மனைவி டோரிஸ் நல்லவள். அவள் தம்பி மார்வின் அவளைவிட நல்லவன். அடுத்தவர் குடும்பத்தைத் திருத்துவதற்கென்றே பிறந்தவன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் சுங்கை பூலோவிலிருந்து வந்து, என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, என் காதுபடவே சொல்லுவான்: "அக்கா, இந்த மனுஷன்கிட்ட என்ன சுகத்தக் கண்டீங்க? சிரிச்சுக்கூட பேசமாட்டாரு. பேசாம என் வீட்டுக்கு வந்திருங்க லா."

போன மாதம் டோரிஸ் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. பயந்துபோனேன், மேடம். ஆகவே மார்வின் போகவேண்டியதாயிற்று.

அந்த நாற்காலிக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் சமையலறை. டோரிஸ் எப்போதும் அங்கேதான் நிற்பாள். அவள்மேல் ஒரு கீறல் விழக்கூடாது. குண்டு மார்வினுக்குள்ளேயே நிற்கவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

மனித உடம்புக்குப் பதிலாக ஒருவித ஜெல்லிக் கட்டியில் சுட்டுப் பார்ப்பது வெளிநாட்டுப் பழக்கம். கிள்ளானில் அதற்கு எங்கே போவது? கிறிஸ்மஸுக்குக் கடல்பாசியில் செய்கிற அகர் அகர் இருக்கிறதே. டோரிஸிடம் கேட்டேன். "கெட்டியா இருக்கணும். கடையில எல்லாருக்கும் கொடுக்கப்போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் ஒரு பண்டத்தை நான் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வாசனைக்குப் பண்டான் இலை போட்டுக் காய்ச்சி, பிஸ்கட் டின்னில் ஊற்றி, பச்சைப்பசேலென்று பெரிய கட்டிகளாகச் செய்து கொடுத்தாள்.

காப்பார் செம்பனைத் தோட்டத்தில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்றி சுடுகிறார்கள் என்று போய்விடுவார்கள். ஷாட்கன் கட்டியைக் கஞ்சியாக்கியது. ரைஃபிள் குண்டு கட்டியைத் துளைத்து, பின்னாலிருந்த மரத்துக்குள்ளும் புகுந்தது. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் கடையில் மறந்துபோன கைத்துப்பாக்கி மட்டும் பண்போடு நடந்துகொண்டது. மறுபடி மறுபடி சுட்டும் குண்டு வெளியே வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து, எல்லாரும் பாராட்டினார்கள் என்று ஒவ்வொரு முறையும் டோரிஸிடம் சொன்னேன். பெட்டி மறுபடியும் அலமாரி மேல் ஏறிவிட்டது.

போன ஞாயிறு மார்வின் வழக்கம்போல் என் நாற்காலியில் இருந்தான். "மச்சான், அக்கா வரமாட்டாங்களாம். நீங்க மாறிட்டீங்களாம், அகர் அகர்லாம் கேட்டு வாங்குறீங்களாமே. சாரி மச்சான், நான்தான் தப்பா நெனச்சிட்டேன்." உட்கார்ந்தபடியே கையை நீட்டினான்.

நியாயமாகப் பார்த்தால் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு பாடுபட்டுச் சோதித்திருக்கிறேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது என் பழக்கமில்லை. சுட்டேன்.

குண்டு நிற்கவில்லை. மார்வினைத் தாண்டி, பலகையையும் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கம் டோரிஸ் எனக்காக இன்னொரு பானை அகர் அகர் கிண்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. அழுதேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் கவனித்தேன். அடுப்புப் பக்கத்தில் அகர் அகர் தூளின் காலிப் பாக்கெட்டுகள் மூன்று கிடந்தன. ஒரு பானைக்கு ஒரு பாக்கெட்தான் கணக்கு. நான் கெட்டியாகக் கேட்டேன் என்று, என்னைச் சந்தோஷப்படுத்த, ஒவ்வொரு தடவையும் மூன்று பாக்கெட் போட்டிருக்கிறாள். எந்த மனுஷன் உடம்பு அவ்வளவு கெட்டியாக இருக்கும்? என் சோதனை அத்தனையும் பாழ்.

மார்வினைச் சுட்டது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் டோரிஸின் சாவுக்கு என் பெயரைப் போடாதீர்கள், மேடம். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அளவை மீறியவள் அவள்தான்.